கணினி அறையின் சாவி யார் கையில் இருந்தது?

தோழர்களே, உங்கள் கைப்பேசியில் தனுஷ்கோடி என்று தேடிப் பாருங்கள். ‘பேய் நகரம்’, ‘அழிந்த நகரம்’, ‘ஆளில்லாத ஊர்’ என்று வரிசையாக வரும். இடிந்த தேவாலயத்தின் படம் வரும், ரயில் நிலையத்தின் மிச்சம் வரும். எழுதியவர்களில் பெரும்பாலோர் காலையில் வந்து மாலையில் திரும்பிய சுற்றுலாப் பயணிகள். அந்தத் தேவாலயத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஓலைக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. வலை இழுக்கிறார்கள், சங்கும் பாசிமணியும் விற்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். ஆனால் இணையத்தைப் பொறுத்தவரை அவர்கள் ஊரில் ஆளில்லை. காரணம் எளிது. அந்த ஊரைப் பற்றிய பக்கங்களை எழுதியவர்கள் அந்த ஊர்க்காரர்கள் அல்ல.

மீனவர்களும் சேரி மக்களும் ஒரே கூட்டமல்ல. ஆனாலும் இந்த விஷயத்தில் நம் நிலைமை ஒன்றுதான். நம்மைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது, எழுதியவர்கள் வேறு ஆட்கள். இன்று ஒரு மாணவர் தன் பெயரில் ஒரு இணையப் பக்கம் தொடங்குவதைச் சாதாரண வேலையாக நினைக்கிறோம். அந்தப் பக்கம் எந்த அறையில் பிறந்தது, அந்த அறைக்குள் முதலில் யார் போனார்கள், நாம் ஏன் பிந்தினோம் என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். அதைத் தனுஷ்கோடியிலிருந்தே தொடங்கலாம்.

தகர வில்லையும் துண்டும்

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. ரயில் தனுஷ்கோடி வரை ஓடியது. அங்கிருந்து கப்பல் ஏறினால் தலைமன்னார். இந்த வழியைப் பயன்படுத்தியவர்கள் ராமேசுவரம் யாத்ரீகர்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் மட்டுமல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் பாட்டன் பாட்டிகளும் இந்த வழியாகத்தான் போனார்கள். தேவேந்திரர், பறையர், அருந்ததியர் ஆகியோர் அவர்களில் மிகப் பெரிய பங்கு. இலங்கை அரசு மண்டபத்தில் நடத்திய முகாமில் அவர்களை நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, அம்மை குத்தி, சில நாள் அடைத்துவைத்துத்தான் கப்பலுக்கு அனுப்பினார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்துக்குப் போகும் கூலிக்கு ஒரு தகர வில்லை கொடுக்கும் முறை வந்தது. அதில் தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஆள் பெயர் இருக்காது. வழியில் இருக்கும் அதிகாரி அந்த எண்ணைப் பார்த்து, இந்த ஆள் எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று தெரிந்துகொள்வார். தோட்டத்தில் ‘துண்டு’ என்று இன்னொரு காகிதம் இருந்தது. கூலியின் கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் அவர் அங்கே மாற முடியும். 1921-இல்தான் துண்டு முறையை ஒழித்தார்கள்.

நம்மைப் பற்றி எழுதப்பட்ட முதல் ‘பக்கங்கள்’ இப்படிப்பட்டவை. எழுதிய கை வேறு, எழுதப்பட்ட உடல் வேறு. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோதும் இதே கதைதான். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். அந்த மனிதர்களிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் தனுஷ்கோடி ஊரையும் கடல் கொண்டுபோனது. ரயிலில் இருந்தவர்கள் நூற்றுக்கும் மேல். அரசு அந்த ஊரை மக்கள் வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது. அந்த அறிவிப்புக்குப் பிறகும் அங்கே வாழ்ந்தவர்கள் பட்டியலுக்கு வெளியே போனார்கள்.

அச்சுக்கூடம் முதல் போராட்டம்

நம் முன்னோர்கள் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1893-இல் ரெட்டமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்தார்களோ அதையே தலைப்பில் வைத்தார். 1907-இல் பண்டிதர் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். 1920 ஜனவரி 31-இல் அண்ணல் அம்பேத்கரின் ‘மூக்நாயக்’ வந்தது. பேச முடியாதவர்களின் தலைவன் என்பது அதன் பொருள். அந்தப் பத்திரிகை வருகிறது என்று காசு கொடுத்து விளம்பரம் போடக் கேட்டபோதுகூட, திலகரின் ‘கேசரி’ மறுத்துவிட்டது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. எழுத ஆள் இருந்தால் மட்டும் போதாது. அச்சிட இயந்திரம் வேண்டும், அந்த இயந்திரம் இருக்கும் அறைக்குள் போக உரிமை வேண்டும். இணையம் வந்தபோது அந்த இயந்திரம் கணினியாக மாறியது. அறை பல்கலைக்கழகத்துக்குள் போனது.

பல்கலைக்கழக அறையில் பிறந்த பக்கம்

1989-இல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற விஞ்ஞானி, ஆய்வாளர்கள் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்ள ஒரு முறையை முன்மொழிந்தார். அதுவே இன்றைய வலை. 1993 ஏப்ரல் 30-இல் செர்ன் அதை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகத்துக்கு விட்டுக்கொடுத்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த கணினி மையத்திலிருந்து மொசைக் என்ற உலாவி வந்தது. அதை எழுதியவர்களில் மார்க் ஆண்ட்ரீசன் அப்போது மாணவர்.

அதற்குப் பிறகு பல்கலைக்கழகங்களில் ஒரு வழக்கம் பரவியது. மாணவர் சேர்ந்ததும் அவருக்கு ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுப்பார்கள். பல்கலைக்கழகத்தின் பெரிய கணினியில் அவர் பெயரில் கொஞ்சம் இடம் இருக்கும். அந்த இடத்துக்குள் ‘பப்ளிக் எச்டிஎம்எல்’ என்ற பெயரில் ஒரு கோப்புறை திறக்க வேண்டும். அதில் ‘இண்டெக்ஸ்’ என்ற கோப்பை எழுதி வைக்க வேண்டும். பிறகு 755 என்ற எண்ணைக் கொடுத்து அனுமதியைத் திறந்துவிட வேண்டும். அந்த எண்ணின் பொருள்: எழுதவும் மாற்றவும் உரிமை சொந்தக்காரருக்கு மட்டும், படிக்கும் உரிமை எல்லாருக்கும். அவ்வளவுதான். பல்கலைக்கழக முகவரிக்குப் பின்னால் ஒரு அலைக்குறியும் உங்கள் பயனர் பெயரும் போட்டால், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் உங்கள் பக்கம் திறக்கும்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆசிரியர் குழு இல்லை, விளம்பரம் மறுக்கும் முதலாளி இல்லை, தாள் செலவு இல்லை. துணைவேந்தரின் பக்கமும் முதலாண்டு மாணவரின் பக்கமும் ஒரே கணினியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அண்ணல் காசு கொடுத்தும் கிடைக்காத இடம் இங்கே சும்மா கிடைத்தது.

ஆனால் யாருக்குக் கிடைத்தது? 1994 ஜனவரியில் ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர் ஜஸ்டின் ஹால், தன் கணினியைக் கல்லூரி வலையமைப்பில் இணைத்துத் தன் வாழ்க்கையை எழுதத் தொடங்கினார். உலகின் தொடக்ககாலத் தனிநபர் பக்கங்களில் ஒன்று அது. அதே ஆண்டு ஸ்டான்போர்டு மாணவர்கள் ஜெர்ரி யாங், டேவிட் ஃபிலோ இருவரும் தங்களுக்குப் பிடித்த தளங்களைப் பட்டியலிட்டு ஒரு பக்கம் வைத்தார்கள். பல்கலைக்கழகக் கணினியில் இருந்த அந்தப் பட்டியல்தான் யாகூ நிறுவனமாக வளர்ந்தது. சில ஆண்டு கழித்து கூகுளும் முதலில் ஸ்டான்போர்டு முகவரியிலேயே இயங்கியது. திறமை அவர்களுக்கு இருந்தது, மறுக்கவில்லை. அந்தத் திறமைக்கு இரவு முழுக்கத் திறந்திருக்கும் அறையும் இலவச மின்சாரமும் இருந்தன என்பதையும் சேர்த்துத்தான் வரலாறு எழுத வேண்டும்.

தமிழ் உள்ளே வந்த வழி

தமிழும் பல்கலைக்கழகக் கதவு வழியாகத்தான் வலைக்குள் வந்தது. சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவினரோடு சேர்ந்து அவர் உழைத்தார். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட இணையத் தொகுப்பு வெளியானது. ஆங்கிலம், சீனம், மலாய் மொழிகளோடு தமிழ் எழுத்தும் திரையில் நின்றது. தமிழின் முதல் இணையப் பக்கமாக இதையே பலரும் குறிப்பிடுகிறார்கள். சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் தமிழ்ப் பக்கம் படிக்க முதலில் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். எழுதியவரின் எழுத்துரு உங்களிடம் இல்லாவிட்டால் திரையில் புரியாத குறிகள்தான் தெரியும். ஆளுக்கொரு குறியீடு. எல்லாவற்றையும் ஒன்றாக்கும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு தன் தரமாக ஏற்றது 2010-இல்தான்.

ராமநாதபுரத்துக்கு எத்தனை கதவு?

இந்தியாவில் என்ன நடந்தது? 1986-இல் எர்நெட் என்ற கல்வி வலையமைப்பு தொடங்கியது. அதில் முதலில் இருந்தவை 8 இடங்கள்: டெல்லி, மும்பை, கான்பூர், கரக்பூர், சென்னை ஐ.ஐ.டி.கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், மும்பையின் தேசிய மென்பொருள் மையம், மத்திய மின்னணுத் துறை. பொதுமக்களுக்கு இணையத்தை வி.எஸ்.என்.எல். கொடுத்தது 1995 ஆகஸ்ட் 15-இல், அதுவும் சென்னை போன்ற பெருநகரங்களில்.

ஆக, பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் இணையத்துக்குள் போகும் முதன்மையான கதவு சென்னை ஐ.ஐ.டி.யில் இருந்தது. ஐ.ஐ.டி.களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இட ஒதுக்கீடு வந்தது 1973-இல். இட ஒதுக்கீடு வந்த பிறகும் நுழைவுத் தேர்வும் ஆங்கிலமும் பயிற்சி மையக் கட்டணமும் வடிகட்டின. ராமேசுவரத்திலிருந்து சென்னை சுமார் 600 கிலோமீட்டர், ஓர் இரவு ரயில். அந்த 600 கிலோமீட்டரைவிட நீளமான தூரம் அந்த வளாகத்தின் வாசலில் இருந்தது.

நம் மாவட்டத்தின் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அந்தப் பல்கலைக்கழகமே 1985-இல்தான் வந்தது. 1957-இல் தியாகி இமானுவேல் சேகரன் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு முதுகுளத்தூர் வட்டாரத்தில் நம் குடிசைகள் எரிந்தன. எரிந்த குடிசையிலிருந்து வந்த குடும்பத்தில் மூன்றாம் தலைமுறைப் பிள்ளை கல்லூரிப் படியை மிதித்தபோது அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் வரலாறோ தமிழோ பொருளாதாரமோதான். அவை தாழ்ந்த படிப்புகள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்தத் துறை மாணவர்களுக்குக் கணினி அறையின் கதவு திறக்கவில்லை. ‘கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்கு மட்டும்’ என்ற பதிலை எங்களில் பலர் கேட்டிருக்கிறோம்.

அந்த அறையின் வாசல் உங்களுக்கும் நினைவிருக்கும். குளிர்சாதனம் ஓடும், கண்ணாடிக் கதவு மூடியிருக்கும், வெளியே வரிசையாகச் செருப்புகள் கிடக்கும். தூசி உள்ளே வரக் கூடாது என்பதற்காகச் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். எல்லாருக்கும் ஒரே விதி, அதில் சாதி இல்லை. ஆனாலும் ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த அப்பாவின் பிள்ளைக்கு, இன்னொரு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உடம்பு தன்னால் ஒடுங்கும். உள்ளே போனதும் விசைப்பலகையைத் தொடவே தயங்கும். ‘பார்த்து, ஏதாவது ஆயிடப்போகுது’ என்று ஆய்வக உதவியாளர் ஒரு சொல் சொன்னால் போதும், அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வரமாட்டார். விலக்குவதற்கு எப்போதும் பலகை மாட்ட வேண்டியதில்லை.

1924-இல் ரெட்டமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எல்லாருக்கும் உரியவை என்றார். 1927-இல் மகாத் குளத்தில் அண்ணல் தண்ணீர் எடுத்துக் குடித்தார். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் கல்லூரியின் கணினி அறையும் பொதுக் குளம்தான். அதை நாம் அப்படிப் பார்க்கவில்லை, சலுகையாகப் பார்த்தோம். அதுதான் நம் தவறு.

கொலம்பியாவில் ஒரு பக்கம்

பல்கலைக்கழகக் கணினியில் ஒரே ஒரு ஆள் நேர்மையாக வைக்கும் பக்கம் என்ன செய்யும் என்பதற்கு நமக்கு நெருக்கமான உதாரணம் இருக்கிறது. 1936-இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டுக்கு அண்ணல் ஒரு தலைமையுரை எழுதினார். உரையைப் பார்த்த அமைப்பாளர்கள் பயந்து மாநாட்டையே நிறுத்திவிட்டார்கள். அண்ணல் தன் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். அதுதான் ‘சாதி ஒழிப்பு’.

அண்ணல் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்தில், தெற்காசிய இலக்கியப் பேராசிரியர் பிரான்சஸ் பிரிட்செட் பல்கலைக்கழகம் தமக்குத் தந்த இணைய இடத்தில் அந்த உரையை முழுதாக ஏற்றினார். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற அண்ணலின் வாழ்க்கைக் குறிப்பையும், ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலையும் வைத்தார். காலவரிசைப்படி வாழ்க்கை வரலாறும் படங்களும் சேர்த்தார். அலங்காரம் எதுவும் இல்லாத எளிய பக்கங்கள். அரசு வெளியிட்ட கனமான தொகுதிகள் கைக்குக் கிடைக்காத எத்தனையோ மாணவர்கள், ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அண்ணலை முதலில் முழுதாகப் படித்தது அந்தப் பக்கங்களில்தான். நிறுத்தப்பட்ட உரை, அவர் படித்த பல்கலைக்கழகத்தின் கணினியிலிருந்து உலகமெங்கும் போனது.

இரண்டாவது புயல்

பல்கலைக்கழக இடம் கிடைக்காதவர்களுக்கு ஜியோசிட்டீஸ் என்ற நிறுவனம் இலவச இடம் கொடுத்தது. தமிழர்கள் பலரும் அங்கே பக்கம் வைத்தார்கள். 1999-இல் யாகூ அதை வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. உலகெங்கும் கோடிக்கணக்கான பக்கங்கள் போயின. ஸ்டான்போர்டின் மாணவர் பக்கமாகப் பிறந்த நிறுவனம்தான் இத்தனை பேரின் பக்கங்களை அழித்தது. சில தன்னார்வலர்கள் இரவு பகலாக உழைத்துப் பெரும்பகுதியைப் படியெடுத்துக் காப்பாற்றினார்கள். பல்கலைக்கழகப் பக்கங்களும் நிலையானவை அல்ல. படிப்பு முடிந்தால் கணக்கு மூடப்படும், பக்கமும் போகும்.

தனுஷ்கோடியில் கட்டடம் இருந்தவர்களுக்கு ஒரே இரவில் போனது. நமக்கு இணையத்தில் அப்படிப் போவதற்குக்கூட அதிகம் இல்லை. இப்போது நாம் எழுதுவதெல்லாம் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் இருக்கிறது. அதுவும் வேறு ஆளின் மனைதான். நாளை அவர்கள் கதவை மூடினால் செப்டம்பர் 11 அஞ்சலிக் கூட்டங்களின் படங்களும், தீண்டாமைக்கு எதிரான நம் சாட்சியங்களும் எங்கே போகும்?

இப்போது செய்ய வேண்டியது

நிலைமை மாறியிருக்கிறது. மாறியதற்குப் பின்னால் போராட்டம் இருக்கிறது. மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகை 1944-இல் அண்ணலின் முயற்சியால் வந்தது. 2011-இல் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினி வந்தது. 2012-இன் அரசாணை 92 தனியார் கல்லூரிகளில் நம் பிள்ளைகளின் கட்டணச் சுமையைக் குறைத்தது. 2010-களின் தொடக்கத்தில் ஐதராபாத்தில் ஆய்வு மாணவராக இருந்த ரவிச்சந்திரன் ‘தலித் கேமரா’வைத் தொடங்கி, தொலைக்காட்சிகள் காட்டாத சாட்சியங்களைப் பதிவு செய்தார். அதே ஐதராபாத்தில்தான் ரோகித் வெமுலாவையும் தோழர்களையும் விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள், வளாகத்தின் பொது இடங்களுக்குப் போகத் தடை போட்டார்கள். 2016 ஜனவரி 17-இல் ரோகித்தை இழந்தோம். அறைக்குள் போனாலும் வெளியே தள்ளுவார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

எனவே தோழர்களே, சில வேலைகளைச் சொல்கிறோம்.

உங்கள் கல்லூரியில் கணினி அறை எந்த நேரம் திறந்திருக்கிறது, எந்தத் துறை மாணவர்கள் உள்ளே போகலாம் என்று எழுத்துமூலம் கேளுங்கள். அரசுக் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாலை நேரத்திலும் எல்லாத் துறைகளுக்கும் திறக்கச் சொல்லுங்கள். மாணவர்களுக்குக் கல்லூரியின் தளத்தில் இடம் கேளுங்கள்.

உங்கள் சேரியைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். ஊர்ப் பெயர் எப்படி வந்தது, கிணறு எப்போது வெட்டினார்கள், யார் முதலில் பள்ளிக்குப் போனார், யார் இலங்கைக்குப் போய்த் திரும்பினார் என்று தாத்தா பாட்டிகளிடம் கேட்டு எழுதுங்கள். படமாக ஏற்றாமல் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், அப்போதுதான் தேடுபவருக்குக் கிடைக்கும். பேசியவரின் சம்மதம் இல்லாமல் பெயரைப் போடாதீர்கள். வழக்கில் இருப்பவர்களின் அடையாளத்தைக் காப்பாற்றுங்கள்.

மூன்று படி வையுங்கள். ஒன்று இணையத்தில், ஒன்று பென் டிரைவில், ஒன்று தாளில் அச்சிட்டு ஊர்ப் படிப்பகத்தில். இணைய ஆவணக் காப்பகத்தில் உங்கள் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துச் சேமியுங்கள்.

மண்டபம் முகாம் வழியாகப் போனவர்களின் தகர வில்லையில் பெயர் இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள். அந்தப் பெயர்களை எழுதும் வேலை உங்களுடையது. அறை பூட்டியிருந்தால் சாவியைக் கேளுங்கள். அது பொதுச் சொத்து.

ஜெய்பீம்!